ஏழாம் எண் லென்ஸ்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

இது சுகம் விசாரிக்கும் கடிதம் அல்ல. இருபத்தாறு வருஷம் பேசாமல் இருந்தவள், உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்கவா பேனாவை எடுப்பாள்?

நேற்று பேத்தி செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பாட்டி, இது உங்க தம்பிதானே?" என்றாள். நீதான். கோட்டு மாட்டிக்கொண்டு, அந்தப் பழைய பித்தளை மைக்ராஸ்கோப்பின் மேல் பெற்ற பிள்ளை மாதிரி கையை வைத்துக்கொண்டு நிற்கிறாய். பித்தளையும் பளபளக்கிறது, உன் தலையும் பளபளக்கிறது. அதோடு விட்டிருந்தால் நானும் பேப்பரை மடித்து வைத்திருப்பேன். கீழே நீ சொன்னதாக நாலு வரி போட்டிருக்கிறார்கள். பேத்தியை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். பிறகு நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"இருநூறு வருஷத்துக்கு முந்தைய கருவி இது. இதன் முன்பக்க லென்ஸ் மிளகளவுதான். அப்படி ஒரு லென்ஸைக் கையால் தேய்க்க இன்றைக்கு யாராலும் முடியாது. இதைச் செய்த பழைய ஆசானோடு அந்தக் கை போய்விட்டது."

எந்தக் கைடா போய்விட்டது? இந்தக் கடிதத்தை எழுதுகிற கை எது?

அந்த மிளகளவு லென்ஸைத் தேய்த்தவள் நான். ஆசான் தேய்த்ததை உடைத்தவன் நீ. இது மூன்று பேருக்குத் தெரியும். அப்பா போய்விட்டார். மிச்சம் இரண்டு பேர். அதில் ஒருத்தன் கோட்டு போட்டுக்கொண்டு பேப்பரில் நிற்கிறான்.

மார்ச் 20 திறப்பு விழா என்று போட்டிருக்கிறது. அதற்குள் மியூசியத்துக்குப் போய் நடந்ததைச் சொல். இல்லையென்றால் நான் வந்து சொல்வேன். எனக்கு அப்பா வைத்த பட்டப்பேர் உனக்கு மறந்திருக்காது.

டமாரம்


பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இந்த வயதில் இவ்வளவு கோபம் தங்கள் உடம்புக்கு ஆகாது.

தாங்கள் குறிப்பிடும் விஷயத்தில் ஏதோ ஞாபகப் பிசகு இருக்கிறது. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் அந்த மைக்ராஸ்கோப்பை நம் பட்டறைக்குக் கொண்டுவந்தது உண்மை. அவர் சொன்ன குறை, எதைப் பார்த்தாலும் மங்கலாகத் தெரிகிறது என்பது. லென்ஸில் அழுக்கு இருந்தது. துடைத்துக் கொடுத்தோம். அப்பாவே அவரிடம் தன் வாயால் அப்படித்தான் சொன்னார். தாங்கள் அந்தச் சமயம் கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பட்டறையில் சின்னச் சின்ன உதவி செய்திருக்கலாம். ஐம்பத்திரண்டு வருஷத்தில் துடைத்ததும் தேய்த்ததும் ஒன்றோடொன்று கலந்துபோவது இயல்பு.

இன்னொன்று. அந்தக் கருவியின் எல்லா லென்ஸ்களும் அதைச் செய்த ஆசானின் லென்ஸ்களே என்று, மியூசியத்தின் ஆலோசகராக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை நம்பித்தான் மியூசியத்தில் நடுக்கூடத்தில் வைக்கிறார்கள். விழாவில் என்னைப் பேசவும் அழைத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் தாங்கள் வந்து ஏதாவது சொன்னால், நாற்பது வருஷம் நான் சேர்த்த பேர் ஒரே நிமிஷத்தில் போய்விடும். அதைத் தாங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தயவுசெய்து டமாரம் அடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாய். என்னால் தாங்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து 'வாடி போடி' என்று என் பின்னலைப் பிடித்து இழுத்தவன், பொய் சொல்லும்போது மட்டும் மரியாதை கொடுக்கிறாய். சின்ன வயதிலும் இதே வழக்கம்தான். நீ 'அக்கா, நீங்க' என்று ஆரம்பித்தாலே அம்மா போய் என்ன உடைந்தது என்று பார்ப்பாள்.

எனக்கா ஞாபகப் பிசகு? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர்களுக்குத்தான் மறதி வரும். கேட்டுக்கொள்.

செவ்வாய்க்கிழமை. மத்தியானம். நீ நீலச் சட்டை போட்டிருந்தாய், மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு கண்ணில் கட்டோடு உள்ளறையில் படுத்திருந்தார். லென்ஸைப் பிடித்திருந்த பித்தளை வளையம் இறுகிப்போய்த் திருகவே வரவில்லை. அப்பா படுத்தபடியே கத்தினார்: "சூடு காட்டாதடா. எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டுரு." ஒரு நாள் பொறுக்க உனக்குப் பொறுமை எங்கே? ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தாய். நான் அடுத்த அறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். நகம் வெட்டினால் வருமே, அவ்வளவு சின்னச் சத்தம்.

உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாய். லென்ஸ் இரண்டாக இருந்தது. "அக்கா, நான் செத்தேன்" என்றாய். "சாகுறதை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல போய் அந்த விளக்கை அணை" என்றேன். சொன்னேனா இல்லையா?

பத்து நாளில் பேராசிரியர் வருவதாக இருந்தது. அப்பாவால் குனிய முடியாது. உன் கை வெடவெடவென்று ஆடுகிறது. அப்புறம் யார் தேய்த்தது, வானத்திலிருந்து தேவதை வந்தா?

எனக்கென்று அப்பா கடைந்து கொடுத்த ஐந்து பித்தளைக் கிண்ணங்களை எடுத்தேன். உடைந்த லென்ஸின் பாதியை ஒவ்வொரு கிண்ணத்தின் குழியிலும் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்றாவது கிண்ணத்தில் ஆடாமல் உட்கார்ந்தது. வளைவு கிடைத்துவிட்டது. அப்பாவின் பழைய கண்ணாடி உடைசலில் தெளிவான துண்டாகப் பொறுக்கி, தார் போன்ற கீலை உருக்கிக் குச்சி நுனியில் ஒட்டி, குருந்தக்கல் பொடியும் தண்ணீரும் விட்டு அந்தக் குழியிலே சுற்ற ஆரம்பித்தேன். முதல் லென்ஸில் காற்றுக் குமிழி. தூக்கிப் போட்டேன். இரண்டாவது முடியப் போகிற நேரம், கதவை டமாலென்று சாத்தினாயே, உத்திரத்திலிருந்து ஒரு தூசி விழுந்து கீறல். அதையும் போட்டேன். அதற்கப்புறம் உன்னைப் பட்டறைக்குள்ளேயே விடவில்லை. குழந்தை உள்ளே அழுகிறது, எனக்கு மார்பு கட்டி ஜாக்கெட் நனைகிறது, கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாதியில் எழுந்தால் வளைவு போய்விடும். மூன்றாவது லென்ஸ்தான் தேறியது. சிவப்புப் பொடி போட்டு மினுக்கிய பிறகு விட்டில்பூச்சியின் இறக்கைத் தூளை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தூளிலும் சீப்புப் பல் மாதிரி வரி வரியாகத் தெரிந்தது. லென்ஸ் சுமாராக இருந்தால் அந்த வரி தெரியாது, உனக்கும் தெரியும்.

ஒன்பது நாள். அப்பா டாக்டர் பேச்சைக் கேட்காமல் எழுந்து வந்து, நல்ல கண்ணை வைத்துப் பார்த்தார். "ம்" என்றார். அந்த ஒரு 'ம்'தான் எனக்குக் கிடைத்த கூலி. அப்புறம் சொன்னார்: "டமாரம், இது வெளிய போகக் கூடாது. பையன் பேரு கெட்டுரும்."

போகவில்லை. ஐம்பத்திரண்டு வருஷம் இந்த வாய் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. உன் பேரைக் காப்பாற்றத்தான் மூடியிருந்தேன். நான் இல்லவே இல்லை என்று நீ பேப்பரில் சொல்வதற்காக அல்ல.

கைப் புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அந்த வளையத்தைத் திறந்து பார். நம் பட்டறை வழக்கப்படி லென்ஸின் விளிம்பில், எந்தப் பக்கம் மேலே, யார் தேய்த்தது என்று பென்சிலில் போட்டிருக்கிறேன். என் எழுத்து. ஒரே ஒரு எழுத்து.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

சரி. உடைத்தேன். போதுமா?

நீங்கள் சொன்னது எல்லாமே சரி, நீலச் சட்டை உள்பட. ஒன்றை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். அந்த லென்ஸை வளையத்தில் உட்காரவைத்தது யார்? பித்தளை உதட்டைச் சுற்றி மடித்து, லென்ஸை நசுக்காமல், ஆடவும் விடாமல் பிடிக்க வைத்தது யார்? ஆடிய அதே கையை வைத்துக்கொண்டு நான்தான் செய்தேன். உங்கள் கதையில் அதற்கு ஒரு வரி கிடையாது. உங்கள் ஞாபகம் பலே ஞாபகம். தனக்கு வேண்டியதை மட்டும் தேய்த்து மினுக்கி வைத்துக்கொள்ளும்.

திறக்கச் சொல்கிறீர்கள். மடித்த உதட்டை நிமிர்த்தினால் பித்தளை கிழியலாம், லென்ஸ் கீறலாம். இன்னொரு முறை 'டிக்' என்ற சத்தத்தை என்னால் கேட்க முடியாது. நீங்கள் ஒரு நாள் கேட்டீர்கள். நான் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அதற்கப்புறம் அப்பா இருந்த பதினொரு வருஷமும், பழைய லென்ஸ் எதையாவது நான் கையில் எடுத்தால் உள்ளறையிலிருந்து குரல் வரும்: "அக்காவுக்கு எழுதிக் கேட்டியா?" நீங்கள் புருஷன் வீட்டில் இருந்தீர்கள். ஆனால் பட்டறையில் என் ஸ்டூலில் நீங்கள்தான் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் ஐந்து கிண்ணங்களும் அலமாரியில் வரிசையாக நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தன. ஆமாம், அதனால்தான் உருக்கினேன். பட்டறைக் கடை வாசலுக்கு மணியாக வார்த்தேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன் நீங்கள் கிண்ணம் கேட்டு வந்த அன்று 'பித்தளை தேவைப்பட்டது' என்று சொன்னேன். அது பொய். இப்போது சொன்னதுதான் உண்மை.

என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் எதிரில், "இவன் கையில முட்டையைக் குடுத்தா ஆம்லெட்டாத்தான் திருப்பிக் குடுப்பான்" என்றீர்களே, கூடம் முழுக்கச் சிரித்தது. என் மனைவி இன்றைக்கும், டம்ளர் ஒன்று கைதவறினால் அதைத்தான் சொல்கிறாள். நானும் எதையும் மறக்கவில்லை.

உங்களுக்குப் பேர் வேண்டும், எனக்கு இருக்கிற பேர் போகக் கூடாது. நான் சொல்லமாட்டேன். நீங்கள் வந்து சொன்னாலும், கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் சொல்வேன். சொல்ல வைக்காதீர்கள்.

தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

தாங்கள் போய் 'நீங்கள்' வந்திருக்கிறது. பரவாயில்லை, இறங்கி வருகிறாய்.

புத்தி பிசகிய கிழவி மார்ச் 19 காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பேத்தி கூட வருகிறாள், சாட்சிக்கு. உன் மகன் அந்தக் கடையில் இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறான் என்று கேள்விப்பட்டேன். அங்கேதான் முதலில் வருவேன். கதவைத் தள்ளினால் என் கிண்ணம் அடிக்கும் அல்லவா, அதை நானும் கேட்க வேண்டும்.

எனக்கு முறைக்கத் தெரியும். கிண்ணங்களுக்குத் தெரியாது. அவற்றை ஏன் உருக்கினாய்?

அக்கா


மார்ச் 4

அக்கா,

ஒன்று நடந்துவிட்டது. வேறு யார் வாயாலாவது நீ கேட்பதற்கு முன் நானே எழுதுகிறேன்.

மியூசியத்தில் பழைய கருவிகளைச் சுத்தம் செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். முப்பது வயதுகூட இருக்காது. எல்லோரும் 'லென்ஸ் பொண்ணு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பித்தளை உதட்டுக்குள் களிம்பு ஏறியிருக்கிறது, இப்படியே விட்டால் லென்ஸைத் தின்றுவிடும் என்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திறந்துவிட்டாள். இரண்டு நாள் எடுத்து, மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தியிருக்கிறாள். ஒரு கீறல் இல்லை. சூடு காட்டவில்லை, எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்தாள். அப்பா இருந்திருந்தால் அவளைத் தத்தெடுத்திருப்பார்.

நேற்று என்னைக் கூப்பிட்டாள். லென்ஸை மெத்தென்ற துணியில் வைத்து, குவிந்த பக்கம் மேலே வைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். "சார், விளிம்புல பாருங்க, நம்பர் இருக்கு! ஏழு!" என்றாள். மியூசியம் தலைவர் ஓடி வந்தார். "மாஸ்டரோட ஏழாவது லென்ஸ்! அவர் நம்பர் போடுவாருன்னு யாருக்குமே தெரியாதே!" என்று குதித்தார். பக்கத்து அறையில் இருந்தவர்கள்கூட வந்து கைதட்டினார்கள்.

நான் பார்த்தேன் அக்கா. பென்சில் கோடு, நேற்றுப் போட்டது மாதிரி. மேலே ஒரு படுக்கைக் கோடு, அதன் வலது முனையிலிருந்து கீழே ஒரு செங்குத்துக் கோடு. அவர்களுக்கு ஏழு. எனக்கு அது என்ன என்று தெரியும். வீட்டுச் சுவர் முழுக்க நீ கரியால் எழுதி அம்மாவிடம் அடி வாங்கியதைப் பார்த்தவன் நான்.

வாய் திறக்கவில்லை. அப்படியே நின்றேன். அட்டையே அச்சடித்துவிட்டார்கள்: 'ஏழாம் எண் லென்ஸ். ஆசானின் கையெண்ணுடன்.'

நீ எழுதியது சரி. எல்லாம் சரி. உன் எழுத்து உள்ளே இருக்கிறது, கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்து உலகம் பார்க்கப் போகிறது. யார் என்று தெரியாவிட்டால் என்ன, அது உன்னுடையது என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அது போதாதா? எழுபத்தொரு வயதில் மகனுக்கும் மருமகளுக்கும் எதிரில், 'நான் உடைத்தேன், மறைத்தேன், பொய்க் கையெழுத்துப் போட்டேன்' என்று நான் எப்படிச் சொல்வேன்? வராதே அக்கா. கையெடுத்துக் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 9

ஏழாம்! ஏழு!

என் வயிற்றெரிச்சல் எழுபது ஜென்மத்துக்குக் காணும். என் எழுத்தைத் தூக்கி எண்ணாக்கி, அந்த எண்ணையும் செத்துப்போன எவனோ ஒரு ஆசானுக்குக் கொடுத்தாயிற்று. நீ பக்கத்திலே நின்று பார்த்தாய். முன்னே பேப்பரில் சொன்னதுகூட நாக்கு புரண்டு சொன்ன பொய் என்று விட்டிருப்பேன். இது கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்ன பொய்.

அந்த எழுத்து ஏன் அப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் உனக்கு ஒரு தரம் சொல்கிறேன், அந்த மியூசியம் தலைவருக்கு நீ சொல்ல வசதியாக இருக்கும்.

எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை. பழுது பார்க்க வந்த மைக்ராஸ்கோப்புகள். அப்பா சாப்பிடப் போகும்போதெல்லாம் நான் ஸ்டூலில் ஏறி, பேப்பர் துண்டைக் கிழித்து அடியில் வைத்துப் பார்ப்பேன். எழுத்து ஒவ்வொன்றும் கதவு மாதிரி பெரிதாகத் தெரியும். ஆனால் அதில் எல்லாம் தலைகீழாகத்தானே தெரியும்? ஆறு வயதுப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? நான் பார்த்தபடியே கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள் வாத்தியார் 'ட' போடச் சொன்னார். போட்டேன். "என்ன இது, ஏழா?" என்று காதைத் திருகினார். அப்பாவிடம் அழுதுகொண்டு வந்து சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வாத்தியாரு கண்ணு சரியில்ல. நீ எழுதினதுதான் சரி. பாக்குற கருவியைப் பொறுத்தது" என்றார். அன்றையிலிருந்து என் பட்டப்பேரின் முதல் எழுத்தை நான் தலைகீழாகத்தான் போடுவேன். வேண்டுமென்றே. மற்றதையெல்லாம் திருத்திக்கொண்டேன், அதை மட்டும் திருத்தவில்லை.

அந்த வாத்தியார் செய்ததைத்தான் இந்த மியூசியமும் செய்திருக்கிறது. ஆனால் வாத்தியாருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இத்தோடு ஒரு தகரடப்பி பதிவுத் தபாலில் வருகிறது. திறக்கும்போது கீழே துணி விரித்துத் திற. உள்ளே பஞ்சில் அந்த ஆசான் தேய்த்த லென்ஸின் பாதி இருக்கிறது. வளைவு பார்க்க எடுத்தேனே, அதை நான் தூக்கிப் போடவில்லை. ஐந்து வீடு மாறினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அது என்னோடு வந்தது. ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. ஒரு நாள் உன் மூஞ்சியில் எறியத்தான் வைத்திருந்தேன் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பேத்தி என்னோடு சண்டை. நான் வந்து கத்தினால் அது டமாரம். ஊர் கைகொட்டிச் சிரித்துவிட்டுப் போகும். நீ சொன்னால்தான் அது உண்மை. மியூசியத்தில் கொடு, இல்லை சாக்கடையில் போடு. உடைத்தவன் கைக்கே உடைந்ததை அனுப்பிவிட்டேன். இனி என்னிடம் சாட்சி எதுவும் கிடையாது. உனக்கு இதைவிட வசதி வேண்டுமா?

இன்னொன்று. பித்தளை உதட்டை மடித்தது நீதான். ஒரே மூச்சில் மடித்தாய். நான் கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். அப்பாகூட அவ்வளவு சுத்தமாக மடிக்கமாட்டார். அதை நான் மறக்கவில்லை. சொல்லத்தான் மனசு வரவில்லை.

அக்கா


மார்ச் 21

அக்கா,

டப்பி பத்திரமாக வந்தது. நான்கு நாள் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். சாக்கடை பக்கமும் ஒரு நாள் போனேன், அதையும் மறைக்கவில்லை. டப்பியைத் திறந்து பார்த்தேன். பாதி லென்ஸுக்கு அடியில், பஞ்சுக்குள், ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது. நீல நூலோடு. பாவி, அதையுமா வைத்திருந்தாய்?

நேற்று விழா. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மனைவி தேய்த்துக் கொடுத்த கோட்டு, பையில் நாலு பக்கம் எழுதிய பேச்சு. எழுந்து போனேன். மைக்குக்கு முன்னால் நிற்காமல் கண்ணாடிப் பெட்டியிடம் போய், லென்ஸ் பொண்ணைத் திறக்கச் சொல்லி, 'ஏழாம் எண்' என்ற அட்டையை எடுத்துத் தலைகீழாக வைத்தேன். கூட்டத்தில் சலசலப்பு. மியூசியம் தலைவர் காதோடு, "சார், உடம்பு சரியில்லையா? உக்காருங்க" என்றார். "ஐம்பத்திரண்டு வருஷமா உக்காந்துதான் சார் இருந்தேன்" என்றேன். பக்கத்தில் இருந்த மைக்கில் விழுந்துவிட்டது.

அப்புறம் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை, விளக்கு, 'டிக்', ஒன்பது நாள், பொய்க் கையெழுத்து எல்லாம். அது ஏழு இல்லை, 'ட' என்று சொன்னேன். ஏன் தலைகீழ் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. என் மகன் முன்வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் முகம் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. "எந்தக் கிழவரும் வந்து எந்தக் கதையும் சொல்லலாம்" என்று சத்தமாகவே சொன்னார்.

லென்ஸ் பொண்ணு மட்டும் என்னிடமிருந்து உன் டப்பியை வாங்கி, பெட்டியிலிருந்த லென்ஸையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கால் மணி நேரம். திரும்பி வந்து மைக்கைப் பிடித்தாள். "சார் சொல்றது சரி. ரெண்டும் ஒரே வளைவு, ஆனா வேற வேற கண்ணாடி. உடைஞ்ச பாதிதான் பழசு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இதைத் தேய்ச்சவங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். "இருக்காங்கம்மா. இந்நேரம் என்னைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க" என்றேன். அப்போதுதான் சிரித்தார்கள்.

இன்று காலை மியூசியத்திலிருந்து ஆள் வந்தது. நான் எழுதிக் கொடுத்த தாளில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆலோசகர் பட்டியலில் என் பேர் இல்லை. நடுக்கூடத்திலிருந்து மைக்ராஸ்கோப்பைப் பின்னறைக்கு மாற்றுகிறார்கள். மகன் இன்னும் என்னிடம் பேசவில்லை. நீ கேட்டது நடந்துவிட்டது. சந்தோஷமா?

பின்னறையில் இரண்டு லென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறாள் அந்தப் பெண். புது அட்டையில் உன் எழுத்தை எப்படி அச்சடிப்பது, நேராகவா தலைகீழாகவா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள்.

கடை வாசல் மணியைக் கழற்றிவிட்டேன். தனிப் பார்சலில் வருகிறது. கிண்ணமாகத் திருப்பித் தர முடியாது. பித்தளை மட்டும் அதே பித்தளை.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

சந்தோஷமா என்று கேட்கிறாய். இல்லை. உன் மகன் தரையைப் பார்த்தான் என்று படித்ததும் எனக்கு அவன் மேல்தான் கோபம் வந்தது. அப்பன் பொய் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன், உண்மை சொல்லும்போது தலையைக் குனிவானா? அவனுக்கு ஒரு தனிக் கடிதம் போட்டிருக்கிறேன். படித்துவிட்டு உன்னிடம் பேசுவான். பேசாவிட்டால் இரண்டாவது கடிதம் போகும்.

அந்தப் பெண்ணிடம் சொல். நான் எழுதினபடியே, தலைகீழாகவே போடட்டும். நேராகப் படிக்க வேண்டியவர்கள் குனிந்து பார்க்கட்டும். அவளை ஒரு நாள் இங்கே வரச் சொல். கீலை எவ்வளவு சூட்டில் உருக்குவது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் நான் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எங்கும் சொல்லித் திரியாதே. ஐந்து கிண்ணங்கள் இன்னும் கணக்கில் இருக்கின்றன. ஆம்லெட் விஷயத்தையும் நான் திரும்பப் பெறப் போவதில்லை. பொத்தானை எடுத்துச் சட்டையில் தைத்துக்கொள்.

பார்சல் இன்று காலை வந்தது. பேத்திதான் பிரித்தாள். வழியில் சத்தம் போடக் கூடாது என்று, மணியின் நாக்கைத் துணியால் சுற்றி, மேலே நூலும் போட்டு இறுக்கிக் கட்டி அனுப்பியிருக்கிறாய். இத்தனை நடந்த பிறகும் உன் புத்தி எங்கே போகிறது பார்.

அவிழ்த்துவிட்டேன். வாசலில் மாட்டியிருக்கிறேன்.

டமாரம்